மருந்து

இறக்கியதும் நான் கேட்பது ஒன்றுதான்:
"என்ன மருந்து?"
களக்காட்டில் வாழைக்கு அடிப்பதும்
இங்கே நரம்பில் ஏற்றுவதும்
எங்கள் பக்கத்தில் ஒரே சொல்.
பத்தொன்பது வருஷமாக அந்தச் சொல்லின்
இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு.

பூலுடையாரை இறக்கும்போது மணி இரண்டு நாற்பது.
வாயில் நுரை. சட்டையில்
அழுகிய பூண்டின் வாடை.
கண்பாப்பா இரண்டும் கடுகைவிடச் சிறுசு;
டார்ச் அடித்தேன், அசையவில்லை.
உடுப்பைக் கத்தரித்துப் பையில் கட்டிவிட்டு
நானும் அந்தோணி மிக்கேலும்
தலையிலிருந்து சோப்புப் போட்டுத் தேய்த்தோம்.
பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல என்று எழுத ஆசை.
இல்லை, லாரி கழுவுவதுபோலத்தான்.

உலகம்மை முந்தியில் சுற்றி ஒரு பாட்டில் வைத்திருந்தாள்.
லேபிளில் இருமல் டானிக் என்றிருந்தது.
"பெரிய டப்பாவுலருந்து இதுல ஊத்தித் தந்தாவ, சிஸ்டர்.
முழுசா வாங்கத் துட்டு இல்ல."
"குடிச்சாவளா?"
"இல்ல, அடிச்சாவ. காத்து திரும்பிட்டு."

அவுட்போஸ்ட் ஏட்டையா அதையே கேட்டார்.
அவளும் அதையே சொன்னாள்.
குடிச்சாவ, அடிச்சாவ.
முதல் எழுத்து மட்டும்தான் வேறு.
அதில் தொங்குகிறது
ஒரு வீட்டின் மானம், சொசைட்டிக் கடன்,
காலேஜில் படிக்கிற பிள்ளையின் கல்யாணப் பேச்சு.
அட்ரோபினுக்கு எழுத்து தெரியாது.
ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை
ஆம்ப்யூலின் கழுத்தை ஒடித்தேன்,
ஒடித்தேன், கட்டைவிரல் கிழிந்தது,
பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மறுபடி ஒடித்தேன்.

நெஞ்சில் ஈரம் வேண்டும் என்பார்கள்.
இங்கே அது வற்ற வேண்டும்.
ஸ்டெத்தை வைத்தால் களகளவென்று
மதகுத் தண்ணீர் மாதிரி ஓடுகிற அந்த ஈரம்
வற்றுகிறவரை ஊசி.
மார்ச்சுவரிச் சுவரோரம் பூத்துக் கிடக்கிற ஊமத்தையிலும்
இதே அட்ரோபின்தான் இருக்கிறது என்றாள்
பயிற்சி டாக்டர் பொண்ணு, கொட்டாவிக்கு நடுவே.
நான் பதில் சொல்லவில்லை. எண்ணிக்கை விட்டுப்போகும்.

நாலரைக்கு நெஞ்சு காய்ந்தது.
முதல் பஸ் ஹாரன் அடிக்கும்போது
பூலுடையாரின் கை மேலே எழும்பியது.
காற்றிலிருந்து எதையோ பறித்தார்,
பறித்ததைப் பக்கத்தில் அடுக்கினார்,
ஒண்ணு, ரெண்டு, மூணு, சீப்புச் சீப்பாக.
"தாரு நூத்தி எம்பதுக்குக் கேக்கான். கொடுத்துராத."
கண்பாப்பா இப்போது சுண்டைக்காய்.
"யம்மா, பைத்தியம் பிடிச்சிட்டா இவியளுக்கு?"
"இல்ல. மருந்து பிடிச்சிருக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது,
ஏனென்றால் அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு
தெளிவான குரலில் சொன்னார்:
"பூராவும் சாஞ்சிட்டே, உலகம்ம.
ஒரு மரங்கூட நிக்கலியே."

போன வாரச் சூறைக்காற்று.
அந்தப் பக்கத்து வாழை அத்தனையும் படுத்துவிட்டதென்று
டீக்கடைப் பேப்பரில் நானும் பார்த்திருந்தேன்.
சாய்ந்த வாழைக்கு யாரும் மருந்து அடிப்பதில்லை.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
நான் டிரிப் சொட்டை எண்ணினேன்.
காற்று திரும்பியது என்று அவள் சொன்னதில்
பொய் என்று எதைச் சொல்ல?

பதிவேட்டில் எனக்குத் தந்த இடம் இரண்டு அங்குலம்.
'மனைவி சொன்னபடி' என்று தொடங்கி எழுதினேன்.
டாக்டர் பொண்ணைத் தனியே கூப்பிட்டு
மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதச் சொன்னேன்.
"கண்ணு முழிச்சதும் முதல்ல அவியதான் பாக்கணும்,
ஏட்டையா இல்ல."
பாட்டிலைச் சீல் வைத்தோம், பச்சை மூடியோடு.

காலை எட்டரை, சாந்தி நகர், வீடு.
மகனுக்கு ராத்திரியெல்லாம் இருமலாம்.
அலமாரியிலிருந்து டானிக்கை எடுத்தேன்.
ஸ்பூனோடு வாயைத் திறந்துகொண்டு அவன் நிற்க,
மூடியைத் திருகி
முகர்ந்துகொண்டே இருந்தேன்.